'மிஸ்' என்ற ஒரு சொல்: தக்கலை வகுப்பில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலையில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள். மீதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், கடை வைத்திருப்பவர்கள், கன்னியாகுமரியில் பயணிகளுக்கு வழிகாட்டுகிறவர்கள். எந்த வருடத்து வகுப்பானாலும் 'மிஸ்' என்ற வினைச்சொல்லிடம் வந்ததும் கேள்விகள் குவிகின்றன. தினமும் தமிழோடு கலந்து பேசுகிற சொல் என்பதால், தெரியும் என்ற நம்பிக்கையில் தப்பாகவே பழகிவிடுகிறோம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மிஸ்ஸுன்னா என்ன அர்த்தம்? ஒரே வரியில சொல்லுங்க.

கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவது, பட வேண்டியது படாமல் போவது. பழைய ஆங்கிலத்தில் அம்போ கல்லோ குறியில் படாமல் போவதைச் சொன்ன சொல் இது. அங்கிருந்துதான் மற்றப் பொருள்கள் கிளைத்தன. பஸ்ஸைப் பிடிக்காமல் விடுவது, சொன்னதைக் கவனிக்காமல் விடுவது, இருக்க வேண்டிய பொருள் இல்லாமல் இருப்பது, பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள் இல்லையே என்று மனசு கிடந்து தவிப்பது, எல்லாமே 'மிஸ்'தான்.

தமிழில் இதற்குக் கிட்ட வருகிற சொல் 'தவறு'. குறி தவறியது, கால் தவறியது, வாய்ப்பு தவறியது, வாய் தவறிச் சொல்லிவிட்டேன், கடைசியில் 'பெரியவர் தவறிட்டார்' என்று சாவுக்கும் அதே சொல். ஒரு சொல் இத்தனை இடத்துக்குப் போவது நமக்குப் புதிதில்லை. ஆனால் 'தவறு' போகிற இடமெல்லாம் 'மிஸ்' போகாது. மனசு தவிப்பதற்கு 'மிஸ்' வரும், 'தவறு' வராது. தப்புக்கும் சாவுக்கும் 'தவறு' வரும், 'மிஸ்' வராது.

பஸ்சு போயிட்டு. நான் 'ஐ மிஸ் தி பஸ்'னு சொன்னேன். அதுல என்ன தப்பு?

பஸ் போய்விட்டது, அதனால் இறந்தகாலம் வேண்டும். 'ஐ மிஸ்ட் தி பஸ்.' நீங்கள் சொன்ன மாதிரி சொன்னால், 'அந்தப் பஸ் இப்போது ஓடுவதில்லையே, எனக்கு ஏக்கமாக இருக்கிறது' என்று ஆகிவிடும். 'மிஸ்டு' என்று கடைசியில் உகரம் சேர்க்காமல் 'மிஸ்ட்' என்று நிறுத்துங்கள். பனிமூட்டத்துக்கான 'மிஸ்ட்' என்ற சொல்லும் இதே ஒலிதான், எழுத்து மட்டும் வேறு.

எவ்வளவு நேரத்தில் தவறவிட்டோம் என்று சொல்ல 'பை' சேர்க்க வேண்டும்: 'ஐ மிஸ்ட் தி ட்ரெயின் பை டூ மினிட்ஸ்.' நம் ஊரில் இந்த வாக்கியத்துக்கு வேலை அதிகம். நாகர்கோவிலில் வடசேரி, அண்ணா பஸ் ஸ்டாண்டு என்று இரண்டு பஸ் நிலையம், ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ரயில் நிலையம். மாறிப் போய் நின்று ரயிலை விட்டவர்கள் வகுப்பில் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். அவர்கள் சொல்ல வேண்டியது: 'ஐ வென்ட் டு தி ராங் ஸ்டேஷன் அண்ட் மிஸ்ட் மை ட்ரெயின்.'

மிஸ் பண்ணிட்டேன், தொலைச்சிட்டேன், ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கையில் இருந்து போனது 'லாஸ்ட்'. கைக்கு வராமலே போனது 'மிஸ்ட்'. குடையைப் பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கினால் 'ஐ லாஸ்ட் மை அம்ப்ரெல்லா'. அங்கே 'ஐ மிஸ்ட் மை அம்ப்ரெல்லா' என்றால், மழையில் நனைந்துகொண்டு குடை இல்லையே என்று நினைத்தீர்கள் என்று பொருள். தமிழில் நாம் 'குடையை பஸ்ஸுல மிஸ் பண்ணிட்டேன்' என்று தாராளமாகச் சொல்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

குடையை வைத்த இடத்தில் காணோம், யார் எடுத்தார்கள் என்றும் தெரியவில்லை என்றால் 'மை அம்ப்ரெல்லா இஸ் மிஸ்ஸிங்'. இதில் உங்கள் மேல் பழி இல்லை. 'லாஸ்ட்' என்றால் தொலைத்தது நீங்கள்தான்.

கிளாஸுக்குப் போகல. மிஸ்ஸா, ஸ்கிப்பா?

வேண்டுமென்றே போகாவிட்டால் 'ஸ்கிப்ட்'. காய்ச்சல், பஸ் வரவில்லை, இப்படி முடியாமல் போனால் 'மிஸ்ட்'. இன்டர்வியூவில் 'ஐ ஸ்கிப்ட் மை எக்ஸாம்' என்று சொல்லிவிடாதீர்கள். வேண்டுமென்றே போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

'ஐ மிஸ் யூ'வுக்குச் சரியான தமிழ் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். 'நான் உன்னை இழக்கிறேன்' என்று ஒரு மொழிபெயர்ப்பு சுற்றுகிறது. அது தப்பு. இழப்பது 'லாஸ்ட்' பக்கம், மேலே சொன்னேன். 'உன்னை நினைத்து ஏங்குகிறேன்' என்பது பொருளில் சரி, ஆனால் யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை.

நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு நேரான சொல் ஒன்று இருக்கிறது: 'தேடுது'. சின்ன வயதில் லீவு முடிந்து திருவட்டாறில் பஸ் ஏறும்போது, ஆச்சி மட்டிப்பழச் சீப்பை ஒரு பையில் போட்டு, ஜன்னல் வழியாக என் மடியில் வைப்பாள். வைத்த கையை உடனே எடுக்க மாட்டாள். 'போயிட்டு வா மக்களே, ஒன்னத் தேடும்' என்பாள். பஸ் நகரும்வரை அந்தக் கை பையின் மேலேயே இருக்கும். அவள் சொன்ன 'தேடும்' என்பதன் ஆங்கிலம் 'ஐ வில் மிஸ் யூ'. ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இதன் இலக்கணத்தைப் பாருங்கள். 'எனக்கு அம்மாவத் தேடுது' என்கிறோம். 'நான் தேடுகிறேன்' என்று சொல்வதில்லை. நாமாகச் செய்கிற காரியமில்லை அது. பசிக்கிற மாதிரி, தூக்கம் வருகிற மாதிரி, தானாக நடக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது, 'ஐ' என்று ஓர் ஆளை முன்னால் நிறுத்தியே ஆகவேண்டும். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நல்ல சொல் வாயில் இருக்கிறது, அது தங்கள் வீட்டுச் சொல், புத்தகத்தில் இல்லாத சொல் என்று கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். 'மிஸ்' எங்கே வரும் என்று சந்தேகம் வந்தால், அங்கே 'தேடுது' பொருந்துகிறதா என்று சொல்லிப் பாருங்கள். மனசு சம்பந்தப்பட்ட எல்லா இடத்திலும் அது கணக்காகப் பொருந்தும்.

அப்ப 'மை சன் இஸ் சர்ச்சிங் மீ'னு சொன்னா சரியாகுமா?

ஆகாது. 'தேடுது' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் வருகிற வினை இது. 'சர்ச்சிங் ஃபார் மீ' என்றால் காணாமல் போன உங்களை மகன் ஊரெல்லாம் தேடுகிறான். 'ஃபார்' இல்லாமல் 'சர்ச்சிங் மீ' என்றால், விமான நிலையத்தில் காவலர் செய்வதுபோல உடம்பைத் தடவிச் சோதனை போடுகிறான். 'மை சன் மிஸ்ஸஸ் மீ', அவ்வளவுதான். 'மிஸ்ஸஸ்' என்பதும் கல்யாணமான பெண்ணின் பெயருக்கு முன்னால் போடுகிற 'மிஸஸ்' என்பதும் ஒரே மாதிரிதான் காதில் விழும். இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள்.

மனுஷங்களுக்கு மட்டுமா, ஊருக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லலாமா?

தாராளமாக. 'ஐ மிஸ் மை வில்லேஜ்', 'ஐ மிஸ் தி ரெயின்', 'ஐ மிஸ் மரச்சீனி அண்ட் சாளைக் கறி'. பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலம் கிடைக்காவிட்டால் தமிழிலேயே விடுங்கள். கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, அதை வெறும் 'பனானா' என்று சொல்லிக் குறைப்பானேன்?

ஒரு செயலைத் தேடுகிறது என்றால் வினையோடு 'இங்' சேர்க்க வேண்டும். 'ஐ மிஸ் ஈட்டிங் வித் மை சிஸ்டர்ஸ்' சரி. 'ஐ மிஸ் டு ஈட்' என்பது தப்பு. 'மிஸ்' பக்கத்தில் 'டு' வரவே வராது என்று மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

'ஐ மிஸ் யூ', 'ஐ ஆம் மிஸ்ஸிங் யூ', இதுல எது சரி?

இரண்டும் சரி. முதலாவது பொதுவானது, எங்கும் சொல்லலாம். இரண்டாவது நெருங்கியவர்களிடம், இந்த நாட்களில், இந்த நேரத்தில் தேடுகிறது என்கிற தொனியில் வரும். சந்தேகமாக இருந்தால் முதலாவதையே சொல்லுங்கள். 'சோ மச்', 'அ லாட்' இரண்டில் எதையும் கடைசியில் சேர்க்கலாம். 'வெரி மிஸ் யூ' மட்டும் வேண்டாம்.

'மை மதர் இஸ் மிஸ்ஸிங்'னு சொன்னேன், எல்லாரும் பதறிட்டாங்க. ஏன்?

கருங்கல் பக்கத்திலிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போன ஒரு பெண் போனில் கேட்டது இது. இரவு ஷிஃப்ட் முடிந்து, அம்மாவிடம் பேசிவிட்டு, கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். மேற்பார்வை நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டதும், 'மை மதர் இஸ் மிஸ்ஸிங்' என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு என்னைத் தேடுகிறது என்று சொல்ல நினைத்தாள். அந்த அம்மையார் பதறி எழுந்து, எப்போதிலிருந்து, போலீஸில் சொன்னீர்களா என்று கேட்டு, இவளுடைய பெட்டியை எடுத்துவைக்கச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்.

விட்டுப்போனது 'மீ' என்கிற ஒரு சொல்தான். 'மை மதர் இஸ் மிஸ்ஸிங் மீ' என்றால் அம்மாவுக்கு என்னைத் தேடுகிறது. 'மீ' இல்லாவிட்டால் அம்மாவையே காணவில்லை. 'மிஸ்ஸிங்' என்பதற்குப் பின்னால் ஆளோ பொருளோ வந்தால் அது ஏக்கம், ஒன்றும் வராமல் நின்றுவிட்டால் 'காணவில்லை'. இந்த வித்தியாசத்தை முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேப்பர்ல 'ஃபிஷர்மென் மிஸ்ஸிங்'னு போட்டா, இறந்துட்டாங்கன்னா அர்த்தம்?

இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பதே அர்த்தம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவில்லை. அந்த நாட்களில் ஆங்கிலப் பத்திரிகைகளில் நாம் அதிகம் படித்த சொல் 'மிஸ்ஸிங்'. அந்த வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இருந்த கனம் வேறு. 'டெட்' என்று எழுதாதவரை கரைக்கு வந்துவிடுவார் என்று சொல்லிக்கொள்ளலாம். லட்சத்தீவில் ஒதுங்கியிருப்பார், வேறு துறைமுகத்தில் ஏறியிருப்பார் என்று காத்திருந்தார்கள், அப்படி உயிரோடு வந்தவர்களும் உண்டு.

சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வழக்கமாக ஒருவரைப் பற்றிய செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே 7 வருடமாக ஒரு தகவலும் இல்லையென்றால்தான், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அதனால் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கும்போது 'காணாமல் போன மீனவர்கள்' என்று எழுதுங்கள். 'பலியான' என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

நினைவஞ்சலி போஸ்டர்ல 'வீ ஆர் மிஸ்ஸிங்'னு அடிச்சிருக்காங்க. சரியா?

சரியில்லை. மேலே சொன்ன அதே 'மீ' கதைதான். பின்னால் 'யூ' இல்லாததால், போஸ்டர் ஒட்டியவர்களையே காணவில்லை என்று ஆகிவிட்டது. 'வீ மிஸ் யூ' என்று போடுங்கள். இறந்தவரைப் படர்க்கையில் சொல்ல 'ஹீ வில் பி மிஸ்ட்' என்று ஒரு வழக்கு உண்டு. அவரை எல்லாருக்கும் தேடும் என்பது பொருள், மரியாதையான தொடர். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரின் பிரிவு விழாவிலும் 'யூ வில் பி மிஸ்ட்' என்று சொல்லலாம். பேச்சில் 'வீ வில் மிஸ் யூ, சார்' இன்னும் இயல்பு.

மிஸ்டு கால் குடுன்னு வெளிநாட்டுல சொன்னா புரியல்லியே?

'மிஸ்டு கால்' என்பது எடுக்காமல் விட்டுப்போன அழைப்பு. அதை ஒருவர் வேண்டுமென்றே 'கொடுப்பது' நம் நாட்டு வழக்கம். ஒரு ரிங் விட்டு வைத்தால் 'வந்து சேர்ந்துட்டேன்' என்று அர்த்தம், இரண்டு ரிங் என்றால் 'நீ கூப்பிடு'. காசு செலவில்லாமல் சேதி சொல்ல நம் மக்கள் கண்டுபிடித்த வழி அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு 'கிவ் மீ அ மிஸ்ட் கால்' என்பது விளங்காது. 'ஜஸ்ட் லெட் இட் ரிங் ஒன்ஸ், ஐ வில் கால் யூ பேக்' என்று சொல்லுங்கள். 'ஐ ஹேட் அ மிஸ்ட் கால் ஃப்ரம் யூ' என்பது மட்டும் எல்லா ஊரிலும் செல்லும்.

வெளிநாட்டுக்காரர் 'யூ கான்ட் மிஸ் இட்'னு சொன்னார். தவற விடக்கூடாதுன்னா?

கன்னியாகுமரியில் வழிகாட்டும் தம்பி கேட்டது. 'தேடவே வேண்டாம், கண்ணில் தானாகப் படும்' என்பது பொருள். வழி சொல்லும்போது கடைசியில் சேர்ப்பார்கள். 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலை எங்கே என்று கேட்டால், கடலைக் காட்டி 'யூ கான்ட் மிஸ் இட்' என்றாலே போதும். நாகர்கோவில் மணிமேடைக்கும் சொல்லலாம். சந்துக்குள் இருக்கும் லாட்ஜுக்குச் சொல்லாதீர்கள்.

'அவசியம் பாருங்கள்' என்று சொல்ல 'டோன்ட் மிஸ் இட்'. சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும். அதைப் பற்றிச் சொல்லும்போது இந்த வாக்கியம் பொருந்தும்.

நர்சிங் இன்டர்வியூவுக்கு 'மிஸ்' வர்ற வார்த்தை எதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்?

மூன்று போதும். 'மிஸ்ட் டோஸ்' என்றால் நேரத்துக்குக் கொடுக்காமல் விட்டுப்போன மருந்து. 'மிஸ்ட் பீரியட்' என்றால் நாள் தள்ளிப்போனது. நம் வீட்டுப் பெரியவர்கள் 'முழுகாம இருக்கா' என்று சொல்வது கர்ப்பம் உறுதியான பிறகு, ஆனால் 'மிஸ்ட் பீரியட்' கர்ப்பம் என்று உறுதி செய்யாது. நோயாளியிடம் பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

மூன்றாவது 'நியர் மிஸ்'. இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கிட்டத்தட்ட தவறிவிட்டது, ஆனால் பட்டுவிட்டது என்று எண்ணுகிறார்கள். நேர் எதிர். மிக அருகில் வந்து, படாமல் போனது. ஆஸ்பத்திரியில் தப்பான மருந்தை எடுத்துவிட்டு, நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் கண்டுபிடித்து நிறுத்தினால் அது 'நியர் மிஸ்'. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை நடக்காமல் தடுக்க அந்தக் குறிப்புதான் உதவும். இன்டர்வியூவில் கேட்டால் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டீச்சர 'மிஸ்'ஸுன்னு கூப்பிடுறோமே, அதுவும் இதுதானா? மிஷன் ஆஸ்பத்திரி, மிஸைல் எல்லாம்?

நம் வினைச்சொல் ஒரு குடும்பம், டீச்சர் 'மிஸ்' இன்னொரு குடும்பம், மிஷனும் மிஸைலும் மூன்றாவது குடும்பம். டீச்சர் 'மிஸ்' என்பது 'மிஸ்ட்ரெஸ்' என்பதன் சுருக்கம். 'மிஷன்', 'மிஷனரி', 'மிஸைல்', 'டிஸ்மிஸ்' எல்லாம் அனுப்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் பிள்ளைகள். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பி வந்தவர், அதனால் மிஷனரி.

'மிஸ்டேக்', 'மிஸ்அண்டர்ஸ்டாண்ட்' போன்றவற்றின் தொடக்கத்தில் வருகிற 'மிஸ்' மட்டும் நம் வினைச்சொல்லுக்குத் தூரத்துச் சொந்தம். எழுதும்போது அதற்கு ஒரே ஒரு 'எஸ்', வினைச்சொல்லுக்கு இரண்டு.

'மிஸ் அவுட்' எப்ப வரும்?

நல்லது ஒன்று நடந்து, அதில் உங்களுக்குப் பங்கு இல்லாமல் போனால். 'ஐ மிஸ்ட் அவுட் ஆன் தி போனஸ்.' பஸ்ஸுக்கும் ஆளுக்கும் 'அவுட்' சேர்க்காதீர்கள்.

கோட்டாறு திருவிழா முடிஞ்சு ஒரு கூட்டுக்காரி 'ஐ மிஸ்ட் யூ தேர்'னு மெசேஜ் போட்டிருக்கா. நான் போயிருந்தேனே! அவ என்ன சொல்றா?

இது இரண்டு விதமாகவும் நிற்கும். 'நீ இல்லாமல் அங்கே உன்னைத் தேடியது' என்றும் வரும், 'நீ வந்திருந்தும் என் கண்ணில் படவில்லை' என்றும் வரும். முதல் கேள்வியில் சொன்ன இரண்டு கிளையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிட்டன. நீங்கள் வந்தது அவளுக்குத் தெரியுமா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிசம்பர் 3-ஆம் தேதிக் கூட்டத்தில் சவேரியார் கோவில் வாசலில் பக்கத்தில் நிற்கிறவரையே பார்க்க முடியாது, அதனால் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எந்தப் பொருளாக இருந்தாலும் பொருந்துகிற பதில் ஒன்று உண்டு. 'ஐ வாஸ் தேர் டூ. வீ மஸ்ட் ஹேவ் மிஸ்ட் ஈச் அதர்.' நானும் வந்திருந்தேன், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் போய்விட்டோம் போல. அப்புறம் ஒரு நாள் குறித்து, அவளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.